ஊர்க்கூட்டத்தில் உலகப் பட்டினியைப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

அக்டோபர் 16 உலக உணவு நாள், மறுநாள் 17 வறுமை ஒழிப்பு நாள். இந்த இரண்டு நாளை ஒட்டி டெல்டா கிராமங்களில் கூட்டம் போட்டுப் பேசப் போகிறவர்களில் நானும் ஒருவன். இந்த வருடம் புதிதாக இறங்குகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, ஜெனீவாவிலிருந்து தொடங்குவது. ஒரு ஊரில் அரை மணி நேரம், ஜெனீவாவில் இருந்துகொண்டு நாடுகளுக்கிடையிலான வியாபாரத்துக்கு விதி போடும் உலக வர்த்தக அமைப்பைப் பற்றிப் பேசினேன். முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "தம்பி, மூணு மாசமா மெஷின்ல எனக்குக் கைரேகை விழல, அரிசி தரமாட்டேங்கிறாங்க, யார்கிட்ட போய்ச் சொல்லணும்?" என்று கேட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். நாற்று நட்டு, களை பறித்தே தேய்ந்துபோன விரல்கள், ரேகை இருந்த இடமே தெரியவில்லை. என்னிடம் அதற்குப் பதில் இல்லை. கைரேகை விழவில்லை என்பதற்காக ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய அரசே 2017-ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அதை அன்று நான் தெரிந்து வைத்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். கூட்டத்துக்குப் போகும் முன்பே அந்த ஊர் ரேஷன் கடை வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று, யாருக்கு என்ன கிடைக்கவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உலக விஷயமே பேச வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். பேசத்தான் வேண்டும், அதை விட்டுவிடுவதும் தவறுதான். ஆனால் அந்த அரிசியைப் பிடித்துக்கொண்டே போங்கள். ரேஷன் அரிசி எங்கிருந்து வருகிறது? கொள்முதல் நிலையத்தில் அரசு விலை கொடுத்து வாங்கிய நெல். அந்த விலையைத்தான் உலக வர்த்தக அமைப்பு கணக்குப் பார்க்கிறது. எதோடு ஒப்பிட்டு? 1986-88 கால விலையோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மானியம் என்று எழுதி, அது மொத்த விளைச்சல் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. 2018-19-ல் நெல்லுக்கு இந்தியா அந்த வரம்பைத் தாண்டியது. 2013-ல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பு இருந்ததால்தான் யாரும் வழக்குக்கு இழுக்க முடியவில்லை. இதைச் சொல்லிவிட்டு, "1986-ல் ஒரு டீ என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு விலை சொல்வார்கள், அப்புறம் அந்த விதியில் என்ன அநியாயம் என்று நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது, "உலகத்தில் உணவு போதவில்லை" என்று மேடையில் சொல்வது. பல பேர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது உண்மையில்லை. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். அரிசியே இல்லாமல் போனதால் வந்த சாவு அல்ல அது, விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறாததால் கூலிக்காரர்களும் மீனவர்களும் வாங்க முடியாமல் செத்தார்கள் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் காட்டினார். 2001-ல் ராஜஸ்தானில் வறட்சி, அரசுக் கிடங்குகளிலோ தானியம் நிரம்பிக் கிடந்தது. அதைக் கண்ட மக்கள் சிவில் உரிமைக் கழகத்தினர் உச்ச நீதிமன்றம் போனார்கள். பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று நாடு முழுக்க உத்தரவு வந்தது அந்த வழக்கில்தான். தானியம் இருக்கிறது, ஆளிடம் போய்ச் சேரவில்லை. இதைச் சொன்னால்தான் கேட்பவருக்குக் கோபம் வரும், போதவில்லை என்று சொன்னால் பெருமூச்சுதான் வரும்.

எலும்பும் தோலுமான குழந்தைகளின் படத்தைத் தட்டியில் போடாதீர்கள். அந்தக் குழந்தையின் தாயிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எடை குறைந்தால் உடனே கடைக்காரர் மேல் பாய்வது. திருடுகிற கடைக்காரர் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிடங்கிலிருந்து 50 கிலோ என்று வரும் மூட்டையே எடை குறைவாகத்தான் இருக்கிறது, பொருளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள் என்று ரேஷன் ஊழியர்களே பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். லாரி வரும் நாளில் நாலு பேர் போய் நின்று மூட்டையைத் தராசில் ஏற்றச் சொல்லுங்கள், அந்த ஊழியரே உங்கள் பக்கம் வந்துவிடுவார்.

கடைசியாகச் சொல்வதுதான் அதிகம் நடக்கிற தவறு. "ரேஷன் முறையாக வழங்க வேண்டும்" என்று ஒரே தாளில் இருநூறு கையெழுத்து வாங்கி, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்தத் தாளை வைத்து ஒரு அதிகாரி என்ன செய்ய முடியும்? குடும்ப அட்டை எண், எந்த மாதம், எந்தப் பொருள், எத்தனை கிலோ குறைவு என்று தனித்தனி மனுவாக எழுதுங்கள், ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராம சபையிலும் இதே கதைதான். முதலில் வருகைக் கையெழுத்து வாங்குகிறார்கள், தீர்மானம் அப்புறம் எழுதப்படுகிறது, நாம் பேசியது அதில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எழுதி முடிக்கும் வரை யாரும் கலைய வேண்டாம் என்று முன்கூட்டியே ஊர்ப்பெண்களிடம் சொல்லி வையுங்கள், எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் ரேஷன் கடை விஷயம் அதில் வரவில்லை என்றால் அங்கேயே எழுதவைத்து, நகல் கேட்டு வாங்குங்கள்.