இளம் கால்நடை மருத்துவரின் வளர்ச்சியைத் தடுக்கும் தவறுகள்

பட்டம் பெற்ற புதிதில் ஓயாமல் உழைக்கும் கால்நடை மருத்துவர்களில் சிலர், ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் தொடங்கிய இடத்திலேயே நிற்பதுண்டு. தாங்கள் சிகிச்சை அளித்த விலங்கு பிறகு என்ன ஆயிற்று என்பதை அவர்கள் விசாரிக்காததே இதற்கு முதல் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்பி வராத விலங்குகளையெல்லாம் குணமானவை என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். உரிமையாளர் வேறு மருத்துவரிடம் போயிருக்கலாம். விலங்கு இறந்தும் போயிருக்கலாம். கன்று ஈன்ற பசு, இரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சலில் படுத்துவிடுகிறது. இதயத் துடிப்பைக் கவனித்தபடி நரம்பில் கால்சியத்தை மெதுவாக ஏற்றினால், பெரும்பாலும் எழுந்து நின்றுவிடும். பார்ப்பவர் மனம் நிறையும் தருணம் அது. ஆனால் சில பசுக்களுக்கு ஓரிரு நாளில் கால்சியம் மீண்டும் குறைந்து, மறுபடி படுத்துவிடும். மறுநாள் விசாரித்தவருக்கே இது தெரியவரும். விலங்கின் நிலை, உங்கள் கணிப்பு, கொடுத்த மருந்து, முடிவு ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். கணிப்பைச் சிகிச்சைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் மனம் அதைத் திருத்திக்கொள்ளும்.

நோயைக் கண்டறியும் முன்பே ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு, வைட்டமின் மூன்றையும் சேர்த்துப் போட்டுவிடுவது இன்னொரு கெட்ட வழக்கம். விலங்கு தேறினால் எதனால் தேறியது என்று தெரியாது; தேறாவிட்டால் எதை மாற்றுவது என்றும் தெரியாது. நிணநீர்க் கணுக்கள் வீங்கிய நாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வடியக்கூடும். நோய் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் அதை உறுதிசெய்வது கடினமாகிவிடும். பின்னர் தரும் கீமோதெரபியின் பலனும் குறையலாம். ஊசியால் கணுவிலிருந்து மாதிரி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். முதலில் அதைச் செய்யுங்கள்.

மருந்தளவை நினைவிலிருந்து சொல்வதில் பெருமை எதுவும் இல்லை. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறித்துவிடலாம். கோலி இன நாய்கள் பலவற்றில் உள்ள மரபணு மாற்றத்தால், அதிக அளவில் தரப்படும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து மூளைக்குள் சேர்ந்து நஞ்சாகிறது. உரிமையாளர் எதிரில் புத்தகத்தைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டாம்.

மூத்தவர்களிடம் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று மட்டும் கேட்டால் மருந்தின் பெயர்தான் கிடைக்கும். என்ன பார்த்தீர்கள், எதைச் சந்தேகிக்கிறீர்கள், ஏன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பயிற்சி வகுப்புகளும் தேவைதான். குறிப்பேட்டில் நீங்கள் அடிக்கடி தடுமாறிய இடம் எதுவோ, அதற்கான வகுப்பில் சேருங்கள்.

பிரேதப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள் தங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடத்தை இழக்கிறார்கள். உரிமையாளர் இசைந்தால் தவறாமல் செய்யுங்கள். ஆனால் ஆர்வத்தில் பாதுகாப்பை மறந்துவிடக் கூடாது. எச்சில் வடிய நிற்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வெறும் கையை நுழைக்காதீர்கள். அது ரேபிஸாக இருக்கலாம். முன்தடுப்பூசி போடாமல் இந்தத் தொழிலில் இறங்கவே கூடாது. திடீரென இறந்த மாட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால், ஆந்த்ராக்ஸ் என்று சந்தேகித்து, உடலைத் திறக்காமல் விடுங்கள். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்துகளாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கையுறை அணிந்து காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.