மோடத்தை ரீசெட் செய்யும் முன் விளக்குகளைப் பாருங்கள்

நெட் போனதும் பல வீடுகளில் முதலில் தேடுவது சேஃப்டி பின்னைத்தான். மோடத்தின் பின்புறத்துச் சின்னத் துளையில் குத்தி, பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் முதல் அஞ்சுகிராமம் வரைக்கும் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ஃபைபர் இணைப்பு கொடுப்பவர்கள் பலர் உங்கள் யூசர்நேம், பாஸ்வேர்ட், விலான் எண் (உங்கள் இணைப்பு எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று காட்டும் எண்) எல்லாவற்றையும் மோடத்துக்குள்தான் பதிந்து வைக்கிறார்கள். ரீசெட் செய்தால் அத்தனையும் அழிந்துவிடும். சில நிறுவனங்களின் மோடம் அந்த விவரங்களைத் தானாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். உள்ளூர் கேபிள்காரர் வழியாக எடுத்த இணைப்பு என்றால் பெரும்பாலும் ஆள் வந்துதான் போட வேண்டும். அரை மணி நேரத்தில் தானே சரியாகியிருக்கக்கூடிய கோளாறு, ஆள் வரும்வரை இழுத்துக்கொண்டே போகும்.

அணைத்துப் போடுவது நல்ல வழிதான், ஆனால் பொறுமை வேண்டும். ஒரு நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள். விளக்குகள் நிலைக்கு வர ஐந்து நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் நெட் வரவில்லையே என்று சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கும்.

சரி, முதலில் என்ன செய்வது? விளக்குகளைப் பாருங்கள். லாஸ் (LOS) என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை. வயரைப் பார்ப்பது தவிர வீட்டுக்குள் நீங்கள் செய்ய எதுவும் இல்லை. லாஸ் அணைந்திருந்து பான் (PON) விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தால், ஒளி வருகிறது, எதிர்முனையில் இருக்கும் நிறுவனத்தின் கருவி உங்கள் மோடத்தை இன்னும் ஏற்கவில்லை. பான் நிலையாகப் பச்சையில் நின்று, இன்டர்நெட் விளக்கு மட்டும் எரியாவிட்டால் கணக்குப் பக்கம் சிக்கல். பில் கட்டியாயிற்றா என்று பாருங்கள். எல்லாமே பச்சையாக இருந்தும் போனில் வரவில்லை என்றால் வைஃபையையோ போனையோதான் சந்தேகிக்க வேண்டும். ஒரு லேப்டாப்பை லேன் வயரில் நேரடியாக மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த பெரிய தவறு அந்த மெல்லிய ஃபைபர் வயரை மின்வயர் போல நடத்துவது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. பீரோவை மோடத்தின்மேல் நெருக்கித் தள்ளுவது, மீதி வயரைச் சின்ன வளையமாகச் சுருட்டி நூல் போட்டுக் கட்டுவது, ஜன்னல் கதவில் நசுக்குவது எல்லாமே ஒளியைக் கசியவிடும். வளையம் உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பச்சை முனையைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டுவதும் கெடுதல்தான். ஒரு துளி அழுக்கு போதும் சிக்னல் குறைய. கழற்றிய முனைக்குள் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

முடிந்தால் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, ஆப்டிகல் என்ற பகுதியில் ஆர்எக்ஸ் பவர் (RX Power), அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். மோடத்துக்கு மோடம் முகவரி மாறலாம். அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். மைனஸ் 20 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ விட்டுவிட்டுத்தான் வரும். நெட் நன்றாக வரும் நாளில் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டால், பிறகு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஆளிடம் சொல்ல முடியும்.

இரண்டு மழைக்காலமும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. ஐப்பசி மாதம் மத்தியானத்துக்கு மேல் இடி தொடங்கிவிடும். ஃபைபரில் மின்னல் வராது என்று சொல்லி மோடத்தை அப்படியே விடுகிறார்கள். கண்ணாடி இழையில் கரண்டு பாயாது, உண்மைதான். ஆனால் அடாப்டர் வழியாக வருமே! சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் போகும் லேன் வயரையும் கழற்றுங்கள். பழைய செம்புத் தொலைபேசி இணைப்பில் ஓடும் மோடம் என்றால் அந்த லைனையும். இதெல்லாம் இடி தலைக்குமேல் வருவதற்கு முன்பே.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்துச் சென்ற பின் மரங்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுவது இங்கே புதிதல்ல. அறுந்து கிடப்பதைத் தொடாதீர்கள், அது ஈபி கம்பியோடு சிக்கியிருக்கலாம். இரண்டு முனையையும் முறுக்கி டேப் ஒட்டினால் நெட் வராது. இழைகளை உருக்கி ஒட்ட அதற்கென்று மெஷின் இருக்கிறது.

அடாப்டர் கெட்டால் செட்டாப் பாக்ஸ் அடாப்டரைச் செருகிப் பார்க்கிறவர்களும் உண்டு. வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பிளக்கின் பிளஸ் மைனஸ் குறியும் ஒத்துப்போக வேண்டும்.

புகார் சொல்லும்போது "நெட் வரல" என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு எந்த நிறத்தில் எப்போதிலிருந்து எரிகிறது என்று சொல்லுங்கள். லாஸ் சிவப்பு என்று கேட்டால் ஒட்டும் மெஷினோடு ஆள் வர வாய்ப்பு உண்டு. அப்புறம், புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். மறுநாள் திரும்ப அழைக்கும்போது அந்த எண்ணைச் சொல்லியே பேசுங்கள்.