மீத்திறன் கணினி மையங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானிலைக் கணக்கையும் மூலக்கூறு மாதிரியையும் திருடி யார் என்ன செய்யப்போகிறார்கள் என்ற எண்ணம் ஆய்வுக் கணினி மையங்களில் இன்றும் உண்டு. கணிப்புத் திறனே களவுபோகும் பொருள் என்பதை அது மறந்துவிடுகிறது. 2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் மீத்திறன் கணினியும் ஜெர்மனியின் பல மையங்களும் ஊடுருவலால் பயனர்களுக்குக் கதவடைத்தன. தாக்கப்பட்ட சில மையங்களில் அந்தக் கணிப்புத் திறனைக் கொண்டு மொனேரோ என்ற மின்னாணயம் தோண்டப்பட்டிருந்தது.

சில்லறை வேறுபாட்டை 'எங்கோ வட்டமாக்கல் பிழை' என்று ஒதுக்கிவிடுவது இதைவிடப் பெரிய தவறு. 1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிப் பயன்பாட்டுக் கட்டணக் கணக்கு 75 சென்ட் பொருந்தாமல் உதைத்தது. வானியலிலிருந்து கணினிப் பிரிவுக்கு வந்திருந்த கிளிஃப் ஸ்டோல் அதை விடாமல் துருவியபோது, கட்டணம் செலுத்த ஆளில்லாத ஒரு பயனர் பெயர் அகப்பட்டது. அங்கே ஈமேக்ஸ் என்ற உரைதிருத்தி மென்பொருளின் அஞ்சல் நகர்த்தும் நிரல், வசதிக்காக ரூட் உரிமையுடன், அதாவது கணினியின் முழு அதிகாரத்துடன், நிறுவப்பட்டிருந்தது. ஊடுருவியவர் அதைக் கொண்டே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தானாக இயக்கும் நிரலின் இடத்தில் தன் போலி நிரலை வைத்தார். அது ஓடி உரிமை கைக்கு வந்ததும் அசலைத் திரும்ப வைத்துவிட்டார். அஞ்சலை நகர்த்தும் எளிய வேலைக்கு முழு அதிகாரம் தேவையா என்று நிறுவும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்.

பதிவேடுகளைத் தாக்கப்படும் கணினியிலேயே வைத்திருப்பது மற்றொரு தவறு. ஸ்டோல் உள்வரும் தொலைபேசி இணைப்புகளில் தனி அச்சுப்பொறிகளைப் பொருத்தி, தட்டப்பட்ட ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பிடித்தார். ஊடுருவியவர் ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் என்று அடையாளம் காண அந்தப் பொறுமை உதவியது. 2020 தாக்குதலிலோ, எழுத்துரு அமைப்புகளுக்கான அடைவில் ஒளித்திருந்த இரு கோப்புகளில் ஒன்றின் வேலையே பதிவுகளிலிருந்து தடயத்தைத் துடைப்பதாக இருந்தது.

ஆய்வாளர்கள் செய்யும் தவறு, என் பார்வையில், இவற்றைவிடப் பரவலானது: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறவி ஒன்றையே, அதைப் பூட்டிவைக்கும் கடவுத்தொடர் இல்லாமல், நான்கு மையங்களில் வைத்திருப்பது. கூட்டாய்வு செய்பவருக்கு அது வசதிதான். ஆனால் களவாடிய எஸ்எஸ்எச் சான்றுகளைக் கொண்டுதான் அந்த ஆண்டின் தாக்குநர்கள் ஒரு மையத்திலிருந்து அடுத்ததற்குத் தாவினார்கள். ஆர்ச்சர் மீண்டும் திறக்கப்பட்டபோது பழைய கடவுச்சொல்லும் பழைய திறவியும் செல்லவில்லை. புதிய கடவுச்சொல்லுடன், கடவுத்தொடர் இட்ட புதிய திறவியையும் சேர்த்தே கேட்டது.