கிட்டார் உடலில் விரிசல்: பெயின்ட் அடிக்கும் முன்

எலெக்ட்ரிக் கிட்டாரின் பழைய பெயின்ட்டை எடுக்கும்போது விரிசல் தெரிந்தால், அது மரத்தில்தானா என்று முதலில் பாருங்கள். கழுத்து பொருந்தும் குழியின் ஓரத்துக் கோடுகள் பல நேரம் பெயின்ட்டோடு போய்விடும். மரம் தெரியும்வரை தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். மற்ற இடம் உலர்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாக நின்றால், மரமே பிளந்திருக்கிறது.

அசையாத மயிரிழை விரிசலுக்குத் தண்ணீர்போல ஓடும் சூப்பர் குளூ போதும். ஆனால் அது மரத்தில் ஊறிக் கறையாகும். மரம் தெரிய வார்னிஷ் அடிப்பதானால், பசை விடுமுன் விரிசலின் இருபுறமும் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசிவிடுங்கள்.

அழுத்தினால் திறந்து மூடும் விரிசலுக்கு மரப்பசைதான் சரி. மெல்ல விரித்து, பசையை விரலால் தேய்த்து ஆழம்வரை இறக்குங்கள். கோடு முழுக்கப் பசை பிதுங்கும் அளவுக்குக் கிளாம்பை இறுக்கி, பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்து, 24 மணி நேரம் விடுங்கள். பசையின் ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். அவசரப்பட்டுத் தேய்த்தால் பிறகு அந்த இடம் பள்ளமாகும்.

கிளாம்பில் மூடாத இடைவெளியை வலிந்து இறுக்காதீர்கள், மறுபடி பிளக்கும். அங்கே பட்டியும் (இடைவெளியை அடைக்கும் புட்டி) வேண்டாம். அது சுருங்கி, பெயின்ட்டின் மேல் கோடாகத் தெரியும். அதே மரத்தில் மெல்லிய சிம்பு சீவி, இழை ஒரே திசையில் ஓடும்படி பசையிட்டுச் செருகுங்கள். காய்ந்ததும் உளியால் சமன்செய்து, மரக்கட்டையில் சுற்றிய 150, பிறகு 220 எண் உப்புத்தாளால் இழைப்போக்கில் தேயுங்கள்.