விசில் சத்தமே இல்லாமல் குக்கர் சமையல்

குக்கர் வெயிட்டைச் சுற்றி ஆவி சீறத் தொடங்கியதுமே, முதல் விசிலுக்குக் காத்திராமல் அடுப்பைச் சிம்மில் வையுங்கள். அதன்பின் நிமிடக் கணக்குதான்: ஊறவைத்த அரிசிக்கு 5 அல்லது 6, துவரம்பருப்புக்கு 10 முதல் 12. போனில் டைமரை வைப்ரேஷனில் போட்டுக்கொள்ளுங்கள். அணைத்த பின் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், அந்தச் சீறலும் காதைப் பிளக்கும். தானாக அடங்கட்டும்.

விசில் என்பது கூடுதல் சூட்டால் வெளியேறும் மிச்ச ஆவிதான். உள்ளே அழுத்தம் குறையாமல் இருந்தாலே பருப்பு வெந்துவிடும். கேஸும் மிச்சம். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு) உள்ள பெரியவர்கள் பலருக்கு, சத்தத்தைவிட அது எப்போது வரும் என்று தெரியாமல் உடம்பு விறைத்துக் காத்திருப்பதுதான் பெரிய கொடுமை. அது இதில் நின்றுபோகும்.

கேஸ்கெட் இறுகிப்போய் ஓரத்தில் ஆவி கசிந்தால் இது பலிக்காது. சிம்மில் அழுத்தம் இறங்கி, பருப்பு நறுக்கென்று நிற்கும். முதலில் கேஸ்கெட்டை மாற்றுங்கள். 2 லிட்டர் குக்கரைப் பெரிய பர்னரில் வைத்தால் சிம்மிலும் விசில் வரும், சின்ன பர்னருக்கு மாற்றுங்கள். சத்தத்தை அடக்க வெயிட்டின் மேல் துணி போடவே கூடாது. ஆவி வழி அடைபட்டால் ஆபத்து.