மாடு, ஆடுகளில் திருகுப்புழுப் புண்: கண்டறிதலும் கட்டுப்படுத்தலும்

புண்ணில் நெளியும் புழுக்கள் அனைத்தும் ஒரே வகையல்ல. பெரும்பாலான ஈக்களின் புழுக்கள் அழுகிய சதையைத் தின்பவை. நம் நாட்டிலுள்ள கிரைசோமியா பெசியானா என்னும் ஈயின் திருகுப்புழுக்களோ உயிருள்ள சதையையே துளைத்து இறங்குபவை. புண்ணின் உலர்ந்த விளிம்பில் இடப்படும் வெண்ணிற முட்டைகள் ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்து, புழுக்கள் ஒரு வாரத்துக்குள் முதிர்ந்துவிடுவதால், சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்கு இதில் இடமே இல்லை.

கன்றின் தொப்புள், ஈன்ற பசுவின் பின்புறம், கொம்பு சுட்ட இடம், காயடித்த புண், குளம்பிடுக்கு, உண்ணி கடித்த தடம் ஆகியவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். மாடு ஓரிடத்தையே நக்கிக்கொண்டும் தீவனத்தில் நாட்டமின்றியும் இருந்தால் ஐயம் கொள்ளலாம். புண்ணின் வாய் சிறிதாகவும் உட்குழி பெரிதாகவும் இருக்கும். இரத்தம் கலந்த நீர் துர்நாற்றத்துடன் வடியும். புழுக்கள் தலையை உள்ளே புதைத்து நெருக்கமாக நிற்பதால், வெளிச்சத்தில் பார்த்தால் அவற்றின் வால் முனைகள் மட்டுமே அசைவது தெரியும். தொட்டால் அவை மேலும் ஆழத்துக்குச் செல்லும்.

சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து, கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயையோ அரைத்த சீத்தா இலையையோ முதல் நாள் மட்டும் புண்ணில் இட்டால் புழுக்கள் மேலே வரும். அவற்றை இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் உள்ளது. அது நல்ல சதையையும் வேகவைத்துவிடும் என்பதால் தவிர்ப்பதே நல்லது. ஆழமான புண்ணுக்கும், கண், மூக்கு அருகிலுள்ள புண்ணுக்கும் கைவைத்தியம் போதாது. புழுக்களைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்து ஊசியைக் கால்நடை மருத்துவரே எடைக்கேற்பப் போட வேண்டும்; கறவை மாடாயின், பாலை எத்தனை நாள் விலக்குவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுத்த புழுக்களைத் தரையில் போடுவதுதான் பலரும் கவனிக்காத தவறு. முதிர்ந்த புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிப் பின்னர் ஈயாக வெளிவரும். கரீபியக் கடலின் குராசோ தீவில் 1954-இல் திருகுப்புழு ஈயின் அமெரிக்க இனத்தை, இணைசேர்ந்தாலும் முட்டை பொரியாதபடி மலடாக்கிய ஈக்களைப் பறக்கவிட்டே ஒழித்தார்கள். அத்தகைய ஏற்பாடு இல்லாத நம் தொழுவத்தில், புழுக்களைக் கொதிநீரிலிட்டுக் கொல்வதே வழி.

புண் ஆறும்வரை ஈ விரட்டும் களிம்பு பூச வேண்டும். பிறந்த கன்றின் தொப்புளில் டிஞ்சர் அயோடின் தடவுவதும், உண்ணிகளை ஒழிப்பதும், கொம்பு சுடுதல், காயடித்தல் போன்றவற்றை ஈ குறைவான பருவத்தில் செய்வதும் புழு வராமல் தடுக்கும்.