ஆடத் தொடங்குவோர் தாளம் பிடிப்பது எப்படி?

பரதம் பழகத் தொடங்கும் பலர் தாளத்துக்குப் பிந்துகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஆசிரியர் தாளத்துக்குத் தட்டும் தட்டுக்கழியின் சத்தம் கேட்ட பிறகே காலைத் தூக்குகிறார்கள்; பாதம் தரையில் விழுவதற்குள் தாளம் கடந்துவிடுகிறது. இதைத் திருத்தலாம். ஆனால் காலில் தொடங்க வேண்டாம்.

முதலில் கை. சப்பாணி கட்டி இருந்து ஆதி தாளம் போடுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் எண்ணிக்கை. அப்புறம் தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்புவது), தட்டு, வீச்சு. மொத்தம் 8. கைபேசியில் ஒரு மெட்ரோனோம் செயலியை 60இல் வைத்தால் விநாடிக்கு ஒரு எண்ணிக்கை வரும். சில ஆவர்த்தனங்கள் (8 எண்ணிக்கை முடிந்தால் ஓர் ஆவர்த்தனம்) போட்டபின் சத்தத்தை நிறுத்திவிட்டு, கையை மட்டும் தொடருங்கள். மறுபடி சத்தத்தைத் திறக்கும்போது உங்கள் வேகமும் அதன் வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமானோர் விரைந்திருப்பார்கள்.

அடுத்தது வாய். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், தாளம் உடம்பில் இறங்குவது இங்கேதான். கை அதே 8ஐப் போட, "தகதிமி தகதிமி" என்று எண்ணிக்கைக்கு ஓர் எழுத்தாகச் சொல்லுங்கள். அது முதற்காலம். இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டெழுத்து, மூன்றாம் காலத்தில் நாலெழுத்து. வாய் வேகமானதும் கையும் கூடவே ஓடப் பார்க்கும். விடக்கூடாது. காலம் மாறினாலும் கை போடும் தாளத்தின் வேகம் மாறுவதில்லை. வட இலங்கை சங்கீத சபையின் சோதனைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பிறகுதான் கால். அரைமண்டியில், அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி தாழ்ந்த நிலையில், இருந்து தட்டடவு ஆடுங்கள். பாதத்தால் தரையைத் தட்டும் அடவு அது; சொல் "தெய்யா தெய்". தரையில் விழும் சத்தம்தான் எண்ணிக்கையில் விழ வேண்டும். ஆகவே காலை அதற்கு முன்னரே, இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் தூக்கிவிடுங்கள். களைத்து அரைமண்டி மேலே எழும்பினாலும் தாளம் பிசகும். அப்போது வேகத்தைக் கூட்டாமல் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் தொடருங்கள்.

வகுப்புக்கு வெளியே பழக யாழ்ப்பாணத்தைப் போல வசதியான இடம் குறைவு. இணுவில், அளவெட்டி என்று தவில் வளர்த்த ஊர்கள் இருக்கும் மண் இது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாசித்த மண். நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிறது. அங்கே நாதஸ்வரக் கோஷ்டியில் தாளம் போடுபவரின் கையைப் பார்த்தபடி நீங்களும் தொடையில் மெல்லப் போடுங்கள். தவில் தனியாக வாசிக்கும்போது சொற்கள் எங்கெங்கோ சுற்றிவரும், உங்கள் கை தாளம் பிசகாமல் தொடர வேண்டும். முதலில் தவறிப் போவீர்கள். அடுத்த சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், சேர்ந்துகொள்ளுங்கள்.

பாட்டுக்கு ஆடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில உருப்படிகளில் பாட்டு சமத்தில் தொடங்காது, சற்றுத் தள்ளி எடுக்கும். எடுப்பு எந்த எண்ணிக்கையில் என்று ரீச்சரிடம் கேட்டு, கையில் தாளம் போட்டு அந்த வரியைப் பாடிப் பார்த்துவிட்டு எழும்புங்கள்.